மைக்செட் ஒயரும் பெட்டியும் குழம்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

குமரி மாவட்டத்தில் ஒலி, ஒளி, வீடியோ சாமான்களை வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு டிசம்பர் பிறந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3-ல் முடியும். பின்னாலேயே சுசீந்திரம் மார்கழித் திருவிழா, கிறிஸ்துமஸ், தையில் நாகராஜா கோவில், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. நடுவில் கல்யாணங்கள், கட்சிக் கூட்டங்கள், பள்ளி ஆண்டு விழாக்கள். ஒரு மேடையில் கழற்றிய சாமான் ஈரம் காயுமுன்பே அடுத்த மேடைக்கு ஏறுகிறது.

நான் பார்த்தவரை இந்த ஓட்டத்தில் நேரத்தை விழுங்கும் கோளாறுகளில் பாதிக்கு மேல், எந்த ஒயர் எது, எந்தப் பெட்டியில் என்ன என்று தெரியாததால் வருபவை. பொருள் நன்றாகத்தான் இருக்கும். அதனால் கீழே உள்ளதைப் பொருள் வாரியாக எழுதாமல் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அங்கே போய்ப் படியுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாப் பகுதிக்கும் இதுதான் அடிப்படை: ஒவ்வொரு பொருளுக்கும் சாகும்வரை மாறாத ஒரு எண் வேண்டும். இன்றைய மேடையில் அது என்ன வேலை செய்கிறது என்பது தனி. அதற்குக் கிழித்து எறியக்கூடிய ஒரு துண்டு டேப் போதும். இந்த இரண்டையும் ஒரே லேபிளில் எழுதுவதுதான் பெரும்பாலான குழப்பத்துக்கு விதை. "பாடகர் 1" என்று நிரந்தரமாக எழுதிய ஒயர் அடுத்த வாரம் தவில் மைக்கில் கிடக்கும். அதைப் பார்த்து மிக்சரில் இருப்பவர் பாடகரின் சத்தத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

மைக் வரவில்லை, எந்த ஒயர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை

மேடையில் பன்னிரண்டு கறுப்பு ஒயர்கள், மிக்சர் பக்கம் பன்னிரண்டு கறுப்பு ஒயர்கள். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கிறீர்கள் என்றால், அங்கே கோளாறு மைக்கில் இருக்கிறதா ஒயரில் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். முதல் கோளாறு ஒயரில் எண் இல்லாததுதான். வால்யூம் ஏற்றிவைத்த சேனலில் ஒயரைப் பிடுங்கினால் ஸ்பீக்கரில் இடிபோல ஒரு சத்தம் வேறு வரும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது: மிக்சரில் அந்த சேனலை மியூட் செய்யுங்கள். மேடை முனையில் மைக்கைக் கழற்றி, நன்றாக வேலை செய்வது உறுதியாகத் தெரிந்த வேறொரு மைக்கை மாட்டுங்கள். மியூட்டை எடுத்துப் பாருங்கள். சத்தம் வந்தால் பழைய மைக்தான் கெட்டது. வரவில்லை என்றால் ஒயரையே மாற்றுங்கள். மேடையிலேயே உட்கார்ந்து பழுது பார்க்காதீர்கள்.

அடுத்த விழாவுக்கு முன் செய்ய வேண்டியது: ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண். அதை கனெக்டரில் ஒட்டாதீர்கள். கனெக்டர் உடையும், மாற்றுவீர்கள், எண்ணும் அதோடு குப்பைக்குப் போகும். கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒயரின் மேலேயே இருக்கட்டும். பெட்டிக்குள் நெருக்கமாக மாட்டியிருந்தாலும் அந்த இடம் கண்ணுக்குத் தெரியும்.

எண்ணுக்கு முன்னால் வகையைச் சொல்ல ஓரிரு எழுத்து போதும். மைக் ஒயர் என்றால் மை 14, ஸ்பீக்கர் ஒயர் என்றால் ஸ்பீ 3, கரண்ட் ஒயர் என்றால் க 7. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் வேலைக்கு வரும் பையன்களில் சிலர் மலையாளம் மட்டும் படிப்பார்கள். சிலருக்கு ஆங்கிலம் வராது. எண் எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் எழுத்தைச் சிறிதாகவும் எண்ணைப் பெரிதாகவும் போடுங்கள். 6, 9 இரண்டுக்கும் அடியில் ஒரு கோடு கட்டாயம். தலைகீழாகப் பிடித்தால் இரண்டும் இடம் மாறிவிடும். ஒரு ஒயர் செத்துப்போனால் அதன் எண்ணைப் புதிய ஒயருக்குக் கொடுக்க வேண்டாம். பழைய கணக்கேட்டில் "14 இரைகிறது" என்று இருந்தால் அது எந்த 14 என்ற சந்தேகம் வரக்கூடாது.

எண் வந்தபின் பேச்சு எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். "மக்கா, பதினாலைப் பாரு." "அண்ணே, பதினாலு கழண்டு கெடக்கு." அவ்வளவுதான், வேலை முடிந்தது.

இன்றைய வேலைக்கான பெயரை மிக்சரின் அடியில் ஒரு நீள வெள்ளை டேப் ஒட்டி அதில் எழுதுங்கள்: சேனல் 1 பாடகர், மை 14. சேனல் 2 நாதஸ்வரம், மை 9. நிகழ்ச்சி முடிந்ததும் உரித்துவிடலாம்.

ஒயரை இழுத்துப் போட்ட பிறகுதான் நீளம் போதாது என்று தெரிகிறது

சுருட்டி வைத்த 10 மீட்டரும் 15 மீட்டரும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். தேர்ப்பாதையில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்தபின் ஒரு ஆள் நீளம் குறைந்தால் மறுபடி ஏணி ஏற வேண்டும்.

நீளத்துக்கு நிறம் வைப்பது எல்லோரும் செய்வது. ஆனால் நிறத்தைத் தேர்வதில் கவனம் தேவை. நம் நாட்டில் மும்முனை மின்சாரத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் வைத்திருக்கிறோம். நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. ஜெனரேட்டரிலிருந்து வரும் ஒயரில் "20 மீட்டர்" என்ற பொருளில் நீங்கள் ஒட்டிய சிவப்பு டேப்பை, இன்னொருவர் பேஸ், அதாவது கரண்ட் வரும் முனை, என்று படிப்பார். இது உயிர் சம்பந்தப்பட்டது. நியூட்ரல் மாறினாலோ கழன்றாலோ 230 வோல்ட் சாமான்களுக்கு 400 வோல்ட் வரை ஏறி மொத்தமும் கருகும். அதனால் நீளத்துக்கு அந்த ஐந்து நிறங்களையும் விட்டுவிடுங்கள். வெள்ளை, ஆரஞ்சு, ஊதா, பழுப்பு, சாம்பல் போதும். ஜெனரேட்டர் முனைகளை எப்படியும் உரிமம் உள்ள வயர்மேன்தான் மாட்ட வேண்டும். அவர் வந்து பார்க்கும்போது உங்கள் நிறம் அவரைக் குழப்பக்கூடாது.

நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. மேடையில் சிவப்பு லைட் எரியும்போது ஆரஞ்சும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். நிறம் பிரித்துப் பார்க்க முடியாத கண் உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். எனவே நிறத்தோடு வளையத்தின் எண்ணிக்கையும் சேருங்கள். 5 மீட்டருக்கு வெள்ளையில் ஒரு வளையம், 10-க்கு ஆரஞ்சில் இரண்டு, 20-க்கு ஊதாவில் மூன்று. இருட்டில் விரலால் தடவினாலே தெரிந்துவிடும். பெட்டியின் மூடியில் உள்பக்கமாக இந்தக் கணக்கை எழுதி ஒட்டிவிடுங்கள், புதிதாக வந்த பையன் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

லேபிள் உரிகிறது, மங்குகிறது, பிசுபிசுக்கிறது

இது நம் ஊருக்கே உரிய தலைவலி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நமக்கு உண்டு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் உப்புக் காற்று; ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றுகிற காற்று; நடுவில் வண்டிக்குள் வெயில். வெளியூரில் எழுதப்பட்ட யோசனைகள் இங்கே ஒரு சீசன்கூடத் தாங்காமல் போவதற்கு இதுதான் காரணம். எப்படிக் கெடுகிறது என்று பார்த்து மருந்தை முடிவு செய்யுங்கள்.

எழுத்து மறைந்துபோகிறது, அல்லது லேபிள் முழுவதும் கறுத்துவிடுகிறது என்றால் அது கடை பில் அடிக்கும் ரகத் தாள். அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் தாள் அது. மூடிய வண்டிக்குள் மதிய வெயிலில் மொத்தமும் கறுக்கும், வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும். அதை விட்டுவிட்டு, எழுத்தின் மேல் பிளாஸ்டிக் படலம் மூடியிருக்கும் லேபிள் டேப்புக்கு மாறுங்கள்.

ஓரம் எழும்பி உரிகிறது என்றால் ஒட்டும் முன் ஒயரைத் துடைக்கவில்லை. புது ஒயரில்கூட ஒரு வழவழப்பு இருக்கும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டுங்கள். மழை நாளில் ஒட்டாதீர்கள்.

கை பிசுபிசுக்கிறது, டேப் நகர்ந்துபோய் அழுக்கு சேர்ந்திருக்கிறது என்றால் அது சாதாரண இன்சுலேஷன் டேப். சூட்டில் அதன் பசை இளகி ஒழுகும். வளையத்துக்கு அதைத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம், எண்ணுக்கு வேண்டாம். ஒட்டிய பசையை எடுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டுத் துடையுங்கள். பிறகு எண்ணெய் போக ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த லேபிள் நிற்காது.

எனக்குப் பிடித்த, நீண்ட நாள் நிற்கும் வழி ஹீட் ஷ்ரிங்க் குழாய்தான். எண் அச்சிட்ட லேபிளை ஒட்டி, அதன் மேல் கண்ணாடிபோலத் தெரியும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடாக்கினால் அது சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். மழை, வியர்வை, உப்பு எதுவும் எழுத்தைத் தொடாது. கனெக்டரை சால்டர் செய்வதற்கு முன்பே குழாயை ஒயரில் கோர்த்துவிட வேண்டும். ஏற்கெனவே கனெக்டர் இருக்கிறது என்றால் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும் ரகத்தை வாங்குங்கள். அது கனெக்டரைத் தாண்டி நுழைந்து ஒயர் அளவுக்குச் சுருங்கும். சூடாக்க ஹாட் ஏர் கன் வேண்டும். தீக்குச்சியோ லைட்டரோ கொண்டு சூடாக்கினால் ஒயரின் தோல் பொசுங்கும்.

கறுப்புப் பெட்டிகளுக்கு வெள்ளை பெயின்ட் மார்க்கர் போதும். சாதாரண மார்க்கர் வெயிலில் ஊதாவாகி, அப்புறம் இல்லாமலே போகும்.

கெட்ட ஒயர் மறுபடி மேடைக்கு வந்துவிடுகிறது

போன விழாவில் கர்ரென்று இரைந்த அதே ஒயர் இந்த விழாவிலும் இரைகிறது. கழற்றும் நேரத்தில் எல்லோரும் களைத்திருப்பார்கள். நல்ல ஒயரோடு அதுவும் சுருண்டு பெட்டிக்குள் போய்விடும்.

கோளாறு தெரிந்த அந்த நிமிஷமே முனையில் ஒரு முடிச்சுப் போடச் சொல்லுங்கள். முடிச்சுள்ள ஒயர் எந்தப் பெட்டிக்குள்ளும் போகக்கூடாது. அதற்கென்று ஒரு சிவப்பு வாளி அல்லது சாக்கு வண்டியில் இருக்க வேண்டும். முடிச்சு மட்டும் போதாது. என்ன கோளாறு என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். "வரவில்லை", "அசைத்தால் இரைகிறது", "ஒரு முனை ஆடுகிறது" என்று மூன்று வார்த்தை இருந்தாலே பழுது பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.

வீட்டில் மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்துச் சோதியுங்கள். எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை மைக் ஒயரில் 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 பீப் வர வேண்டும். வேறு எந்த இணைக்கும் வரக்கூடாது. 1 என்பது தரை, 2-ம் 3-ம் சத்தம் போகும் இரட்டை ஒயர். சோதிக்கும்போது முனையருகே ஒயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். பீப் விட்டுவிட்டு வந்தால் சால்டர் விட்டிருக்கிறது. 2-ம் 3-ம் இடம் மாறியிருந்தால் தனியாகக் கேட்கும்போது தெரியவே தெரியாது. ஒரே பாடகருக்கு அருகருகே இரண்டு மைக் வைத்து அதில் ஒன்று இந்த ஒயரில் வரும்போதுதான் சத்தம் சூம்பிப்போகும். இதைக் காதால் பிடிப்பது கஷ்டம், மீட்டரில் ஒரு நிமிஷம்.

சரி செய்ததும் கணக்கேட்டில் அந்த எண்ணுக்கு நேரே எழுதுங்கள். ஒரே எண் மூன்று முறை வந்தால் கனெக்டரை மாற்றுவதை விட்டுவிட்டு ஒயரையே மாற்றும் நேரம் வந்துவிட்டது.

லைட்டுகள் தானாகத் துடிக்கின்றன; அல்லது கிட்டார் இரைகிறது

இரண்டுக்கும் பல நேரம் காரணம் ஒன்றே: வாய் ஒன்றாக இருக்கும் வேறு வேறு ஒயர்கள் மாறிப்போயிருக்கின்றன.

லைட்டை இயக்கும் டிஎம்எக்ஸ் முறைக்கு உரியது ஐந்து முனை கனெக்டர். ஆனால் சந்தையில் கிடைக்கும் பல லைட்டுகளில் மைக் ஒயர் போலவே மூன்று முனைதான் வைத்திருக்கிறார்கள். அதனால் மைக் ஒயரும் பொருந்தும், சில நாள் வேலையும் செய்யும். நீளம் கூடி, லைட் கூடும்போது துடிப்பு ஆரம்பிக்கும். டிஎம்எக்ஸ் ஒயர் 120 ஓம் இம்பீடன்ஸுக்காக (சிக்னலுக்கு ஒயர் காட்டும் எதிர்ப்பு) செய்யப்பட்டது, மைக் ஒயர் அப்படி இல்லை. கடைசி லைட்டில் 120 ஓம் டெர்மினேட்டர், அதாவது வரிசையை முடித்துவைக்கும் கனெக்டர், இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கும் லேபிள் வேண்டும், வெறும் கனெக்டர் என்று நினைத்துத் தூக்கிப்போடுவார்கள். டிஎம்எக்ஸ் ஒயர்களுக்குத் தனிப் பெட்டி, எண்ணில் தனி எழுத்து.

கால் இஞ்ச் ஜாக் உள்ள ஒயரிலும் இதேதான். கிட்டார் ஒயருக்குள் வெளி இரைச்சலைத் தடுக்கும் வலை இருக்கும். ஸ்பீக்கர் ஒயரில் இருக்காது. ஸ்பீக்கர் ஒயரை கிட்டாரில் மாட்டினால் இரையும், அவ்வளவுதான். மறுபக்கம் மாறினால்தான் ஆபத்து: கிட்டார் ஒயரை ஆம்ப்ளிபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மாட்டினால் மெல்லிய கம்பி சூடாகும், ஆம்ப்ளிபயரே போகலாம். ஸ்பீக்கர் ஒயர் முழுவதையும் ஸ்பீகான் என்ற, ஸ்பீக்கருக்கென்றே உள்ள கனெக்டருக்கு மாற்றிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

அடாப்டர் மாட்டியதும் கருவி செத்துவிட்டது

ஒரு பெட்டியில் பத்து அடாப்டர்கள், எல்லாம் கறுப்பு, எல்லாவற்றின் பின்னும் ஒரே அளவுள்ள வட்டமான முனை. ஒன்று 9 வோல்ட், ஒன்று 12. கிட்டார் பெடல்களின் அடாப்டரில் பொதுவாக நடுமுனை மைனஸ். வேறு பல கருவிகளில் நடுமுனை பிளஸ். சில சிறிய மிக்சர்களின் அடாப்டர் வெளியே தருவதே ஏசி. முனை பொருந்துகிறது என்று மாட்டினால் கருவி போய்விடும்.

அடாப்டரும் அதன் கருவியும் ஒரே எண்ணைச் சுமக்க வேண்டும். மிக்சர் 2 என்றால் அடாப்டரிலும் மிக்சர் 2. வோல்ட், ஆம்பியர், நடுமுனை பிளஸா மைனஸா என்பதை அடாப்டரின் முதுகில் பெரிதாக எழுதுங்கள். கம்பெனி அச்சிட்ட எழுத்து மேடை வெளிச்சத்தில் கண்ணில் படாது. ஆனால் லேபிளை அடாப்டரின் உடம்பில் மட்டும் ஒட்டினால் போதாது. கருவியில் செருகும் முனைக்குப் பக்கத்திலும் எண் வேண்டும். மேசைக்கடியில் ஸ்பைக் பஸ்டரில் இருக்கும் அடாப்டரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை, கையில் இருக்கும் முனையைத்தான் பார்ப்பார்கள். கருவியில் ஓட்டைக்கு அருகிலும் "12 வோல்ட், நடு பிளஸ்" என்று எழுதிவிடுங்கள்.

சார்ஜ் ஏறிய பேட்டரி எது, காலி எது

கேமரா பேட்டரிக்கு மூடி இருந்தால், மூடி போட்டது நிறைந்தது, மூடி இல்லாதது காலி என்று எல்லோரும் ஒரே வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மூடி இல்லை என்றால் ரப்பர் பேண்ட். மெமரி கார்டுக்கும் அப்படியே: பெட்டியில் முகம் தெரிய இருந்தால் காலி, கவிழ்த்து வைத்தால் படம் பதிந்தது, தொடக்கூடாது. கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு இதன் அருமை சொல்லத் தேவையில்லை. கார்டுகளுக்கும் எண் போடுங்கள். கோளாறு கொடுத்த கார்டு எது என்று அப்போதுதான் தெரியும்.

பெட்டியில் எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது வேறு

"மைக்" என்று எழுதிய பெட்டியில் ஸ்டாண்டு கிளிப்புகளும் பழைய பேட்டரியும் இருக்கும். பெட்டிக்கும் எண் மட்டும் கொடுங்கள்: பெட்டி 4. உள்ளே என்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் மூடியின் உட்புறம் இருக்கட்டும், பிளாஸ்டிக் உறைக்குள், மாற்றி எழுத வசதியாக. அடுக்கிய நிலையில் ஒரு போட்டோ எடுத்து அதையும் அச்சிட்டு அங்கேயே ஒட்டினால் படிக்கத் தெரியாதவரும் சரியாக அடுக்குவார். ஃபோமில் ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வடிவத்தில் குழி வெட்டுவது இன்னும் நல்லது. ஒரு குழி காலியாக இருந்தால் மூடுவதற்கு முன்பே கண்ணில் படும்.

பெட்டியின் எண்ணை மேலே மட்டும் எழுதினால் வண்டியில் அடுக்கியதும் மறைந்துவிடும். குறைந்தது மேல்பக்கத்திலும், இரண்டு சிறிய பக்கங்களிலும் எழுதுங்கள். கனமான பெட்டியில் "2 ஆள்" என்று எழுதுவது முதுகைக் காப்பாற்றும். அதோடு ஏற்றும் வரிசையும் முக்கியம். இறங்கியதும் முதலில் தேவைப்படும் கரண்ட் ஒயர் பெட்டி வண்டியில் கடைசியாக ஏற வேண்டும். சுவரில் இந்த வரிசையை ஒட்டிவைத்தால் சண்டை இல்லை.

மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் மேடை என்றால் பெட்டியைத் திறந்து மணலில் வைக்காதீர்கள். அந்தக் கறுப்பு மணலில் காந்தம் இழுக்கும் தாதுக்கள் உண்டு. டைனமிக் மைக்குக்குள்ளும் ஸ்பீக்கருக்குள்ளும் காந்தம் இருக்கிறது. ஒட்டிய துகளை எடுப்பது பெரும்பாடு. ஒரு தார்ப்பாய் விரித்து வையுங்கள்.

கடற்கரை விழா முடிந்து வந்ததும் பெட்டியை மூடி அடுக்கிவிடவும் கூடாது. ஈரமான ஃபோமோடு மூடினால் கனெக்டரின் முனைகள் பச்சை பூக்கும், லேபிளும் ஊறும். உலர்ந்த துணியால் ஒயரைத் துடைத்துக்கொண்டே சுருட்டுங்கள், பெட்டியை ஒரு இரவு நிழலில் திறந்து வையுங்கள். சிலிக்கா ஜெல் பை போட்டால் அதில் போட்ட தேதியை எழுதுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால், அல்லது ஆரஞ்சு மணி பச்சையானால், ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது என்று பொருள்.

விழா முடிந்து எண்ணினால் கணக்கு உதைக்கிறது

குருசடித் திருவிழாவிலும் கோவில் கொடையிலும் ஒரே மைதானத்தில் சவுண்ட் ஒருவர், லைட் ஒருவர், எல்இடி திரை ஒருவர், கோவிலின் சொந்த மைக்செட் வேறு. எல்லா ஒயரும் கறுப்பு. நடு இரவில் கழற்றும்போது இரண்டு அங்கேயும் மூன்று இங்கேயும் போகத்தான் செய்யும். யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் எண் இருக்கும் அதே ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்குள் கடையின் பெயரையும் போன் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். மேடையில் வேலை தொடங்குமுன் மற்ற குழுக்களிடம் போய், அவர்கள் ஒயரின் அடையாளம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே நிற வளையம் இருந்தால் அன்றைக்கு மட்டும் ஒருவர் கூடுதலாக ஒரு டேப் சுற்றினால் தீர்ந்தது.

எண்ணுவது வீட்டில் அல்ல, மைதானத்தில். எண் வரிசைப்படி எண்ணினால்தான் பலன். "இருபத்தி மூணு இருக்கு, ஒண்ணு குறையுது" என்பது தேட உதவாது. "பதினேழு இல்ல" என்று தெரிந்தால், சேனல் பட்டியலைப் பார்த்து அது வலப்பக்கத்துக் கோரஸ் மைக்கில் இருந்தது என்று நேராக அங்கே போகலாம். அதனால் மிக்சரின் வெள்ளை டேப்பை எண்ணி முடிக்கும்வரை உரிக்காதீர்கள். அங்கேயும் இல்லை என்றால் அடுத்த குழுவுக்கு அன்றிரவே போன் செய்யுங்கள். விடிந்தால் அவர்கள் வண்டி வேறு ஊருக்குப் போயிருக்கும்.